கண்ணாடிப் பேழை

வெளியூர் சென்று வீடு திரும்புவோர் வெறுங்கையுடன் வருதல் நம் நாட்டு வழக்கமன்று. பழனிக்குச் சென்றவர் பஞ்சாமிர்தம் கொணர்வர். திருநெல்வேலிக்குச் சென்றவர் அல்வாக் கொணர்வர். மணப்பாறை வழியே வருவோர் முறுக்கு வாங்காமல் வருதல் அரிது. இவையெல்லாம் சில நாட்களில் உண்டு தீர்ந்துவிடும். வேறு சில பொருள்களோ உண்பதற்கு அல்லாமல், கண்டு மகிழ்வதற்காக வாங்கப்படுவன. இராமேசுவரத்துச் சங்கும், திருப்பதி மரப்பாச்சியும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அத்தகையன. சென்ற ஊரையும், உடன் வந்த சுற்றத்தையும், கழிந்த நாளையும் மீண்டும் மனக்கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதால் இவற்றை நினைவுப்பொருள்கள் என்கிறோம்.

ஆனால், இப்பொருள்கள் வீட்டிற்கு வந்தபின் என்ன ஆகின்றன? முதல் வாரம் வருவோர் போவோர்க்கெல்லாம் எடுத்துக் காட்டப்படுகின்றன. பிறகு அலமாரியின் மேல்தட்டிற்கு ஏறுகின்றன. அங்கே தூசி படிகிறது. துடைக்கும்போது ஒரு விரல் ஒடிகிறது. அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கும்போது பரணுக்குச் செல்கின்றன. பின்னொரு நாள் அவற்றைக் காணும் சிறுவன், "இது எங்கே வாங்கியது?" என்று வினவினால், விடை கூற ஒருவருக்கும் நினைவிராது. நினைவுப்பொருள் நினைவை இழந்துவிட்டால், அதற்கும் குப்பைக்கும் வேறுபாடு இல்லை.

இந்நிலை நேராமல் காக்க ஓர் எளிய வழி உண்டு. அதுவே கண்ணாடிப் பேழை.

பேழை என்பது யாது?

நிழற்படத்திற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவதை நாம் அறிவோம். படம் தட்டையானது, ஆதலால் கண்ணாடிக்கும் பின்அட்டைக்கும் இடையே வெளி வேண்டுவதில்லை. மரச்சிற்பத்திற்கும் மண் பொம்மைக்கும் கனம் உண்டு. அவற்றை அத்தகைய சட்டத்துள் அடக்குதல் இயலாது. சட்டத்தின் பக்கங்களை ஆழமாக்கி, முன்புறம் கண்ணாடியும் பின்புறம் பலகையும் அமைத்தால், அஃது ஆழமில்லாத ஒரு பெட்டியாகும். அதனையே கண்ணாடிப் பேழை என்கிறோம். மேல்நாட்டார் இதனை நிழற்பெட்டி என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். உள்ளிருக்கும் பொருளின் நிழல் பின்பலகையில் மெல்லென விழுவதைக் காணும்போது, அப்பெயரின் பொருத்தம் நமக்கு விளங்கும்.

பெயர் மேல்நாட்டினது ஆயினும், வழக்கம் நமக்குப் புதியதன்று. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சின்மேல் பொற்றகடும் கற்களும் பதித்துத் தீட்டப்படும் தஞ்சாவூர் ஓவியங்களை நம் முன்னோர் கண்ணாடியிட்டே காத்தனர். தஞ்சை நெட்டி வேலைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தே விற்கப்படுகின்றன. கொலுப் பொம்மைகளை ஆண்டு முழுவதும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் போற்றும் இல்லங்களும் பல.

மூன்று ஊர்கள், மூன்று பொருள்கள்

ஒரு பள்ளியின் மாணவர்கள் பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முதலில் சென்றடையும் ஊர் அரும்பாவூர். அது பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையை அடுத்து அமைந்த ஒரு பேரூர். அவ்வூருக்குப் பெருமை தேடித் தந்தவர்கள் அங்குள்ள மரச்சிற்பிகள். கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் வேண்டிய சிற்பங்களையும், தெய்வத் திருவுருவங்களையும், கதவுகளுக்குரிய வேலைப்பாடுகளையும் அவர்கள் செதுக்குகின்றனர். வாகை, மா, வேம்பு, ஈட்டி முதலிய மரங்கள் அவர்களுக்குப் பயன்படுகின்றன.

சிற்பி முதலில் மரத்தின் ஓட்டத்தை உற்று நோக்குகிறார். பிறகு சிற்பநூல் கூறும் அளவுகளின்படி உருவத்தைக் கட்டையில் வரைந்துகொள்கிறார். முகத்தின் நீளத்தை ஓர் அளவாகக் கொண்டு, உடலின் உயரம் அதனைப்போல் இத்தனை மடங்கு இருத்தல் வேண்டும் என்று வகுப்பது அந்நூலின் முறை. அதனைத் தாலம் என்பர். வரைந்தபின், வேண்டாத பகுதிகளைப் பெரிய உளியால் கழிக்கிறார். பிறகு சிறிய உளிகளால் கண்ணையும், விரலையும், அணிகலனையும் வெளிப்படுத்துகிறார். இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குகிறார். துண்டுகளை ஒட்டிச் சேர்க்காமல் ஒரே கட்டையில் உருவத்தைக் காண்பதே அரும்பாவூர் வேலையின் சிறப்பு. ஓர் உளி சற்றே தவறினும், ஒடிந்த மூக்கை ஒட்டவைத்து மறைக்க இயலாது. அவ்வளவு விழிப்புடன் செதுக்கப்பட்ட ஒரு சிறு யானையை நம் மாணவர்கள் வாங்குகின்றனர்.

அடுத்து அவர்கள் அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தில் உள்ள கருப்பூருக்குச் செல்கின்றனர். அங்கே துணியின்மேல் கோல் கொண்டு ஓவியம் வரைகின்றனர். கலம்காரி எனப்படும் இக்கலை, கோயில் விதானங்களுக்கும், தேர்ச்சீலைகளுக்கும், தொம்பைகளுக்கும் அழகு சேர்த்து வருவது. அங்கு அன்னப்பறவை வரைந்த ஒரு துணித்துண்டு மாணவர்களுக்குக் கிடைக்கிறது.

இறுதியாகத் தஞ்சையை அடைகின்றனர். நெட்டி என்பது குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் ஒரு செடி. அதன் தண்டின் தோலைச் சீவினால் உள்ளே தந்தம் போன்ற வெண்ணிறமும், பஞ்சு போன்ற இலேசும் உடைய தக்கை கிடைக்கும். பொங்கல் நாளில் மாடுகளுக்குச் சூட்டும் நெட்டி மாலை அத்தக்கையால் ஆனதே. தஞ்சைக் கலைஞர்கள் அதனைக் கூரிய கத்தியால் மெல்லியதாகச் சீவி, துண்டுதுண்டாக ஒட்டி, பெரிய கோயிலின் உருவத்தைச் சிறு அளவில் சமைக்கின்றனர். அத்தகைய கோயில் ஒன்றும் மாணவர்களுடன் வீடு வருகிறது.

இம்மூன்று கலைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. ஓர் ஊரின் மண்ணாலோ, மரபுவழிவந்த திறமையாலோ சிறப்புற்ற பொருளுக்கு, அவ்வூர்ப் பெயரைப் பிறர் பொய்யாகப் பயன்படுத்தாதபடி சட்டம் அளிக்கும் காப்பே புவிசார் குறியீடு. அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் 2020-ஆம் ஆண்டிலும், கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ஆம் ஆண்டிலும் அக்காப்புக் கிடைத்தது. சட்டம் ஊர்ப் பெயரைக் காக்கிறது. நம் கைக்கு வந்த பொருளைக் காப்பது நமது கடமையன்றோ?

ஐந்து பகைகள்

பொருளைக் காக்க விரும்புவோர் அதன் பகைவரை முதலில் அறிதல் வேண்டும். அப்பகைகள் ஐந்து: ஒளி, ஈரம், தூசி, பூச்சி, கை.

ஒளி சாயத்தை வெளுக்கச் செய்யும். ஒருமுறை வெளுத்த சாயம் மீண்டும் வாராது. அன்றன்று பட்ட ஒளியின் தீங்கு சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே போகும். இதனாலேயே அருங்காட்சியகங்களில் சாயத் துணிகள் வைக்கப்பட்ட அறை மங்கலாக இருக்கிறது. அங்கே துணியின்மேல் விழும் ஒளி ஏறத்தாழ 50 லக்ஸுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்வர். நேர்வெயிலின் ஒளியோ ஒரு இலட்சம் லக்ஸ் வரை செல்லும். சன்னலுக்கு எதிரே மாட்டிய கலம்காரி சில ஆண்டுகளில் பொலிவிழப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

ஈரம் மரத்தின் பகை. மரம் ஈரத்தை உண்டு பருக்கும், வறட்சியில் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டில் மிகுதி. கோடையின் வறட்சியிலும் ஐப்பசி மழையின் ஈரத்திலும் மாறிமாறி இருக்கும் மரப்பொம்மையை அசையவொட்டாமல் இறுகப் பிணித்துவிட்டால், பருக்கவும் சுருங்கவும் இடமின்றி அது வெடிக்கும். துணியிலும் தாளிலும் ஈரம் தங்கினால் பூசணம் பூக்கும்.

தூசி, பார்வைக்கு அற்பமானது. ஆயினும் நெட்டிக் கோயிலின் நுண்ணிய மாடங்களில் படிந்த தூசியை எடுக்க முயல்வோர் கோயிலையே குலைத்துவிடுவர். நெட்டிக்குத் தூசி படிந்தபின் செய்யும் மருத்துவம் இல்லை. படியாமல் காப்பதே வழி.

பூச்சிகளுள் மரத்தைத் துளைக்கும் வண்டும், கரையானும், தாளையும் கஞ்சியிட்ட துணியையும் தின்னும் இராமபாணமும் கொடியவை. மரத்தின் வெளிப்புறத்து வெண்மரப் பகுதியில் மாச்சத்து மிகுதியாதலின் வண்டு அதனையே விரும்பும்; உள்வயிரத்தை எளிதில் அணுகாது. பொம்மையின் அடியில் ஊசித்துளைகளும், அவற்றிலிருந்து உதிரும் மாவும் காணப்படின், வண்டு உள்ளே குடியிருக்கிறது என்று அறியலாம். அத்தகைய பொருளைப் பிற பொருள்களோடு சேர்த்து வைத்தல் ஆகாது.

ஐந்தாவது பகையாகிய கை நம்முடையதே. அன்பு மிகுதியால் பொருளுக்கு நாம் செய்யும் தீங்கு, பகைவர் செய்யும் தீங்கினும் பெரிது. பொம்மையின் முதுகில் பசையைப் பூசிப் பலகையில் ஒட்டுகிறோம். துணியின் நான்கு மூலைகளிலும் ஆணி அறைகிறோம். நிறம் மங்கிய மரத்தின்மேல் புதிய வண்ணம் பூசுகிறோம். இவை மூன்றும் திரும்பப் பெற இயலாத செயல்கள். இன்று செய்த எதனையும் நாளை பொருளுக்குச் சேதமின்றி நீக்க முடிதல் வேண்டும் என்பது அருங்காட்சியகப் பணியாளர் போற்றும் நெறி. நமது சிறு பேழைக்கும் அதுவே நெறியாகுக.

பேழை செய்யும் முறை

முதலில் பொருளை அளத்தல் வேண்டும். நமது மர யானை 15 சென்டிமீட்டர் உயரமும், 12 சென்டிமீட்டர் அகலமும், 6 சென்டிமீட்டர் கனமும் உடையது என்று கொள்வோம். அதனைச் சுற்றி நான்கு புறமும் 4 சென்டிமீட்டர் வெளி விட்டால், பேழையின் உள்ளளவு 23 சென்டிமீட்டர் உயரமும் 20 சென்டிமீட்டர் அகலமும் ஆகும். ஆழம், பொருளின் கனத்தைவிட 2 சென்டிமீட்டராவது மிகுதியாக இருத்தல் நலம். கண்ணாடி எக்காரணத்தாலும் பொருளைத் தொடுதல் கூடாது. குளிர்ந்த வேளையில் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளி அரும்பினால், தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது கறையாகவும் பூசணமாகவும் மாறும்.

பக்கச் சட்டங்களுக்கு நன்கு உலர்ந்த தேக்கு, வேம்பு போன்ற மரத்தைக் கொள்ளலாம். இழைப்புளியால் இழைத்த சட்டத்தின் முன்விளிம்பில், கண்ணாடி அமர்வதற்குரிய காடி எடுத்தல் வேண்டும். நான்கு சட்டங்களின் முனைகளையும் 45 பாகைச் சாய்வில் அறுத்துப் பசையும் சிற்றாணியும் கொண்டு பொருத்தினால் மூலைகள் ஒழுங்காகச் சேரும். சேர்ந்த சட்டம் கோணலின்றி இருக்கிறதா என்பதை அறிய, வடிவக் கணக்கில் கற்ற பாடம் உதவும். மூலைவிட்டங்கள் இரண்டையும் நூலால் அளந்து பாருங்கள். அவை சமமாயின் சட்டம் சரியானது. சமமில்லையாயின், பசை காயுமுன் நீண்ட மூலைவிட்டத்தின் வழியே மெல்ல அமுக்கிச் சரிசெய்தல் வேண்டும்.

கண்ணாடி 3 மில்லிமீட்டர் கனம் உடையதாக இருந்தால் போதும். அதனை அறுக்கும் பணியைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் விடுதலே அறிவுடைமை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஏழரைக் கிலோகிராம் எடையுள்ளது. 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 900 கிராம் இருக்கும். பேழையை மாட்டும் ஆணியை முடிவுசெய்யும்போது இதனை மறத்தலாகாது.

பின்பலகையைத் துணியால் மூடினால் பொருள் எடுப்பாகத் தோன்றும். அதற்குச் சாயமிடாத காடாத் துணியே ஏற்றது. புதிய துணியில் உள்ள கஞ்சி பூச்சிகளை அழைக்குமாதலின், நன்றாகத் துவைத்து உலர்த்தியபின் அதனைப் பயன்படுத்துதல் வேண்டும். பின்பலகையை ஆணியால் அறையாமல் திருகாணியால் பூட்டுக. பின்னாளில் திறந்து பார்க்க அது வசதியாகும். பசை, மெருகெண்ணெய் ஆகியவற்றின் நெடி முற்றும் நீங்கும்வரை, இரண்டு வாரமேனும் பேழையைத் திறந்து வைத்தல் இன்றியமையாதது.

பொருளை அமர்த்துதல்

யானையைப் பசையால் ஒட்டாமல், பேழையின் அடிப்பலகையில் நிற்கச் செய்து, அதன் கால்களின் இருமருங்கிலும் சிறு மரத்தடைகள் வைத்தால் அது நகராது. வேண்டுமாயின், பின்பலகையில் இரு துளையிட்டு, பருத்தி நூலை அதன் இடை வழியே செலுத்திப் பின்புறம் தளர்வாக முடியலாம். இறுகக் கட்டினால் மரத்தின் அசைவுக்கு இடமிராது.

கலம்காரித் துணியை, காடாத் துணி போர்த்த அட்டையின்மேல் விரித்து, மேல்விளிம்பை மட்டும் மெல்லிய நூலால் நெருக்கமின்றித் தைத்தல் போதும். கீழ்ப்பகுதி தன் இயல்பில் தொங்குக. துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே மெல்லிய மரச்சில்லுகளை ஓரங்களில் வைத்தால், இரண்டும் தொடாமல் நிற்கும்.

நெட்டிக் கோயில் சுவரில் மாட்டத்தக்கதன்று. அதற்கு நாற்புறமும் மேற்புறமும் கண்ணாடி அமைந்த, மேசைமேல் வைக்கும் பேழையே பொருந்தும். கோயிலைத் தொடாமல், அஃது அமர்ந்துள்ள அடிப்பலகையைப் பற்றியே தூக்குதல் வேண்டும்.

சங்கு, சிப்பி முதலியவற்றை வைப்போர் ஒன்றை நினைவிற்கொள்க. சில மரங்களிலிருந்து வெளிப்படும் புளிப்பு ஆவி, காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் நாளடைவில் சங்கின் சுண்ணத்தை அரித்து வெண்பொடியாக்கும். ஆதலால் அவற்றிற்கு மரத்தைத் தவிர்த்து, கண்ணாடியோ உலோகமோ கொண்டு பேழை அமைத்தல் நலம்.

பேழையை மழைநாளில் மூடற்க. அன்றைய ஈரமும் உள்ளே சிறைப்பட்டுவிடும். வெயில் காய்ந்த ஒரு நாளின் பிற்பகலே அதற்கு ஏற்ற வேளை. வெயில் விழும் சுவரும், மழைக்கசிவுள்ள சுவரும், அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் படும் இடமும் விலக்கத்தக்கன. பேழையின் பின்புறம் நான்கு மூலைகளிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்று உலவும். ஆண்டிற்கு ஒருமுறை இறக்கிப் பார்த்து, மாவு உதிர்ந்துள்ளதா, பூசணம் உண்டா என்று ஆராய்தல் வேண்டும்.

பொருளும் வரலாறும்

இவ்வளவும் செய்து முடித்தபின்னும் பேழை நிறைவு பெறவில்லை. அதனுள் இன்னும் ஒன்று வைத்தல் வேண்டும். அதுவே குறிப்புச் சீட்டு.

இதன் அருமையை விளக்கும் பழைய செய்தி ஒன்று உண்டு. செருமனி நாட்டின் ஆலே நகரில் பிராங்கே என்பவர் நிறுவிய கல்வி நிலையத்தில், 1698-ஆம் ஆண்டு முதல் பல நாட்டுப் பொருள்களைத் திரட்டி வந்தனர். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தபின், தமிழ்நாட்டிலிருந்தும் ஓலைச்சுவடிகள் முதலியன அவ்விடத்திற்குச் சென்றன. பொருள்கள் பெருகவே, கிரண்ட்லர் என்னும் ஓவியர் அழகிய பேழைகள் அமைத்து, அவற்றை இனம்வாரியாக அடுக்கி, 1741-ஆம் ஆண்டளவில் பட்டியலும் எழுதி முடித்தார். அப்பேழைகளை இன்றும் அங்கே காணலாம். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற பொருள்களின் ஊரும் பெயரும் மறைந்துபோகாமல் இருப்பதற்கு, மரமும் கண்ணாடியும் மட்டும் காரணம் அல்ல; எழுதி வைத்த எழுத்தும் காரணம் ஆகும்.

நமது சீட்டில் எவற்றை எழுதலாம்? பொருளின் பெயர், செய்யப்பட்ட ஊர், வாங்கிய நாள், மரம் அல்லது துணியின் வகை, செய்முறை, உடன் சென்றவர் யாவர் என்பவற்றை எழுதலாம். இவற்றினும் முதன்மையாக எழுதத்தக்கது, செய்த கைவினைஞரின் பெயர். வாங்கும்போதே அவரிடம் கேட்டு, அவர் இசைவுடன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நம் கோயில்களில் நின்று நாம் வியக்கும் சிற்பங்களுள் மிகப் பலவற்றைச் செதுக்கியவர் பெயரை இன்று அறிவார் இல்லை. மன்னர் பெயரைக் கல்லில் வெட்டிய காலமும், உளி பிடித்தவர் பெயரை எழுதாது விட்டது. அக்குறையை நம் வீட்டுச் சுவரிலாவது நாம் நேரச் செய்யலாமா?

சீட்டு ஒன்றைப் பேழைக்குள் வைப்பதோடு, படி ஒன்றைப் பின்பலகையிலும் ஒட்டுக. நாளிதழ்த் தாள் விரைவில் பழுத்து நொறுங்குமாதலின், நல்ல தாளில் பென்சிலால் எழுதுதல் சிறந்தது. பென்சில் எழுத்து வெளுப்பதுமில்லை, ஈரத்தில் பரவுவதுமில்லை.

எடுத்து வரலாகாதவை

நினைவுக்காக எதனையும் எடுத்து வரலாம் என்று எண்ணுதல் தவறு. அரும்பாவூர் அமைந்துள்ள பெரம்பலூர் மாவட்டத்திலேயே சாத்தனூர் என்னும் ஊர் உண்டு. அங்கே பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெருமரம் ஒன்று, 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகக் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் கிருட்டிணன் 1940-ஆம் ஆண்டில் அதனை உலகிற்கு அறிவித்தார். இன்று அது வேலியிட்டுக் காக்கப்படும் தேசியச் சின்னம். அப்பகுதி முழுவதும் ஒருகாலத்தில் கடலடியில் இருந்தமையால், பண்டைக் கடலுயிர்களின் கல்லுருவங்களும் அங்குள்ள மண்ணில் காணப்படுகின்றன. காண வருவோர் ஒவ்வொருவரும் ஒரு கல் எடுத்துச் சென்றால், நாளை வருவோர்க்குக் காண்பதற்கு என்ன எஞ்சும்? கிடக்கும் இடத்தினின்றும் பெயர்த்த அக்கல், தான் எம்மண்ணடுக்கைச் சேர்ந்தது என்னும் சான்றையும் இழந்துவிடும்.

பவளப்பாறையும் கடற்குதிரையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவன. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தொல்பொருட் சட்டம், நூறாண்டு கடந்த சிற்பங்களையும் ஓவியங்களையும் தனியார் வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லுவதைத் தடுக்கிறது. கோயிலினின்றும் பெயர்க்கப்பட்ட பழைய சிற்பம், எத்துணை அழகிய பேழையில் இருந்தாலும், அது களவுப் பொருளே. பழமையில் விருப்பமுள்ளவர், பழைய அளவு நூலின்படி இன்று செதுக்கப்படும் புதிய சிற்பத்தை அரும்பாவூரில் வாங்கட்டும். அதனால் பழமையும் வாழும், சிற்பியும் வாழ்வார்.

முடிவுரை

இக்காலத்தில் இயந்திரங்கள் ஒரே அச்சாக ஆயிரம் உருவங்களைச் சில நாட்களில் செதுக்கித் தள்ளுகின்றன. அவற்றின் விலையும் குறைவு. கையால் செதுக்கும் சிற்பி அவ்விலைக்குக் கொடுத்தல் இயலாது. ஒரு பொருளின் பின்னே எத்தனை நாள் உழைப்பு உண்டு என்பதை அறிந்தவரே அதற்குரிய விலையை மனமுவந்து தருவர். அவ்வறிவை வீட்டிற்கு வருவோர்க்கெல்லாம் ஊட்டும் ஆசிரியராக, சுவரில் தொங்கும் சிறு பேழை விளங்குதல் கூடும். யானையைக் கண்டு வியந்தவர் சீட்டைப் படிப்பார்; சீட்டைப் படித்தவர் அரும்பாவூரை அறிவார்; அறிந்தவருள் ஒருவரேனும் ஒருநாள் அவ்வூருக்குச் செல்வார். அங்கே உளியோசை ஓயாதிருக்க அதுவும் ஒரு துணையாகும்.

ஆதலின் மாணவர்களே, அடுத்த முறை நீங்கள் வெளியூர் செல்லும்போது, பல பொருள்களை வாங்கிக் குவிக்காமல், நல்ல பொருள் ஒன்றை வாங்குங்கள். அதனைச் செய்தவரோடு சிறிது நேரம் பேசுங்கள். அவர் கூறுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும், பொருளையும் குறிப்பையும் ஒரே பேழையில் வைத்துக் காத்து வாருங்கள். பல ஆண்டுகள் கழித்து உங்கள் வீட்டுச் சிறுவன் ஒருவன் அதன்முன் நின்று, "இது எங்கே வாங்கியது?" என்று கேட்பான். அன்று விடை கூற நீங்கள் அருகில் இல்லையாயினும், பேழை அவனுக்கு விடை கூறும்.